படித்தபின் அழித்துவிடவும்

இக்குறிப்பில் நான் என் கண்ணால் கண்டவற்றையும், ஒருவரோடொருவர் கலந்து பேசாத இருவர் தனித்தனியே ஒரே விதமாகக் கூறியவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். கேள்விப்பட்டவை ஏராளம், அவற்றை விட்டுவிட்டேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் ஓரிடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டும் மாதமும் தரவில்லை. இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. நான் எழுதிய ஒரு பந்தியினால் ஒரு மனிதருடைய வலக்கை உடைக்கப்பட்டது. அப்பந்தியில் பிழை ஏதும் இருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் பொருந்தியிருந்தது; பொருந்தியிருந்தமையே அடிக்கவந்தோர்க்கு வழிகாட்டியது. ஆகையால், உறுதிப்பட்ட செய்திகளுள்ளும், கை உடைக்கப்பட்டவர் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டவற்றுக்கு மட்டுமே இங்கு இடம் தருகிறேன்.

நான் பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டில் வாழும் என் மகள், கொழும்பிலிருந்து வெளிவரும் ஆங்கில இணைய இதழ் ஒன்றுக்கு என் பெயரில் சந்தா கட்டியிருந்தாள். சந்தா இல்லாதவர் அவ்விதழைத் திறந்தால் இரண்டு பந்திகள் தெளிவாகத் தெரியும். மூன்றாவது பந்தி மங்கத் தொடங்கும். அதன்கீழ், மேலே படிக்கப் பணம் செலுத்துக என்ற அறிவிப்பு மறித்து நிற்கும். எங்கள் ஊரில் அத்தடையைக் கடந்து உள்ளே சென்று படிப்பவன் நான் ஒருவனே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதில் சிறிது பெருமையும் இருந்தது.

சந்தியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் என் நண்பர். மாலையில் அவர் கடையில் ஒரு கதிரை எனக்கென்று கிடக்கும். அதில் அமர்ந்து கட்டுரைகளை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். நாளடைவில் மேலும் மூவர் கேட்க வந்தனர். ஐவருமாகக் கைப்பேசியில் ஒரு குழு அமைத்தோம். கட்டுரை முழுவதையும் நகலெடுத்துக் குழுவில் இடுவது என் வேலையாயிற்று.

அது முறையா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. எழுப்பியவர் மருந்துக்கடைக்காரரே. அவருக்கு என்னைச் சீண்டுவதில் விருப்பம் அதிகம்.

"சேர், ஒரு ஆள் சந்தா கட்ட அஞ்சு பேர் வாசிக்கிறம். இது களவு இல்லையா?"

"களவுதான். சின்னக் களவு."

"அப்ப கரைவலை இழுக்கக்குள்ள, கயித்தில கை வெக்காம சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறவனுக்கும் கறிக்கு மீன் குடுக்காங்களே. அதுவும் களவா?"

"அது சம்மாட்டி தன்ட கையால குடுக்கிறது. நாங்க அள்ளிக்கிட்டுப் போறதில்ல."

"நீங்க எப்பயும் பையோடதானே போய் நிப்பீங்க" என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தனர். அது உண்மை. காலையில் வலை கரைக்கு வரும் நேரம் பார்த்து, ஒரு பொலித்தீன் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது என் வழக்கம். எங்கள் கரையில் வலைக்கு உடையவரைச் சம்மாட்டி என்போம். அவர் பங்கு பிரிக்குமுன், சுற்றி நிற்பவர்க்கெல்லாம் ஒரு கை மீன் எடுத்துத் தருவார். கேட்பது அழகில்லை, தருவதை மறுப்பதும் அழகில்லை.

அந்த வழக்கத்தை மனத்தில் வைத்தே எங்கள் குழுவுக்கு நான் விதிகள் எழுதினேன். கட்டுரையை வெட்டாமல் முழுமையாகத் தரவேண்டும். எழுதியவர் பெயர் தலைப்பின்கீழ் இருக்கவேண்டும். எங்கிருந்து எடுத்தது என்ற இணைப்பு முதலில் வரவேண்டும். ஐவரைத் தாண்டிப் போகக்கூடாது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஒரே வரியை நான் சேர்ப்பேன்: படித்தபின் அழித்துவிடவும், வேறெவருக்கும் அனுப்பவேண்டாம். எழுதியவருக்கும் வெளியிட்டவருக்கும் நான் செலுத்தவேண்டிய மரியாதை அவ்வளவில் நிறைவேறிவிட்டது என்று கருதினேன். அக்கட்டுரைக்குள் பேசியவருக்கும் ஒரு மரியாதை செலுத்தவேண்டியிருக்கும் என்பது என் விதிகளில் எங்கும் இல்லை.

வெடி வைத்து மீன் பிடிப்பதைப் பற்றி அவ்விதழில் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. எங்கள் கரையில் வெடி புதிய செய்தி அன்று. காலைத் தேநீரின்போது கடலில் ஓர் உறுமல் கேட்கும். அலுமாரிக் கண்ணாடி அதிரும். யாரும் கோப்பையைக் கீழே வைப்பதில்லை. திரி எரியும் வேகத்தைத் தவறாகக் கணித்து முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் இழந்த ஒருவர் என் அயலில் இருக்கிறார். அவருக்கு மனைவி உணவூட்டுவதை வேலிக்கு மேலாகப் பல நாள் கண்டிருக்கிறேன். வெடித்த இடத்தில் மீன் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும். மிதப்பதைவிட அடியில் கிடப்பது அதிகம். கடலடிப் பாறைத்திட்டான பாரும் பாசியும் சிதறி, அவ்விடம் பல காலத்துக்கு வெற்று மணலாகிவிடும்.

கட்டுரையை எழுதியவர் கொழும்பைச் சேர்ந்த ஓர் இளம் பெண். இக்கரைக்கு வந்து தங்கிப் பலரைக் கண்டு எழுதியிருந்தார். அதில் ஒரு பந்தி என்னை நிறுத்தியது. குடாநாட்டைச் சேர்ந்த மீனவர் ஒருவர், பெயர் கூறாமல், வெடி எவ்வழியாக வருகிறது, யார் கையில் கொடுக்கப்படுகிறது, அந்த மீன் எப்படிச் சந்தைக்குப் போகிறது என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னவற்றை இங்கு திருப்பி எழுதமாட்டேன்.

குழுவில் இட்ட மறுநாள் மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "சேர், இதத் தமிழ்ல போடுங்க. எனக்கு இங்கிலிஸ்ல வாசிச்சா டொக்டர்ட சீட்டு வாசிக்கிற மாதிரி ஈக்கு. பாதி வெளங்குது, மீதிய ஊகிச்சிக் குடுக்கிறன்."

"மருந்தும் அப்படித்தான் குடுக்கிறீரா?"

"ஆளுக்கு ஆள் பாத்துத்தான்."

நான்கு நாள் இருந்து மொழிபெயர்த்தேன். இதை மகிழ்ச்சியோடு செய்தேன் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஆங்கிலத்தில் மீனவர் என்ற பொதுச்சொல்லே இருந்தது. ஆயினும் அம்மனிதர் தம் பேச்சில், என் கயிற்றை இழுக்கும் ஆட்கள் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார். கயிறு இழுக்க ஆள் வைத்திருப்பவரை எங்கள் கரையில் யாரும் மீனவர் என்று சொல்வதில்லை. ஆகவே கரைவலைச் சம்மாட்டி என்று எழுதினேன். இன்னொரு வாக்கியம், வெடியில் பட்ட மீனின் தோல் நன்றாக இருக்கும், உள்ளே எலும்பு உடைந்திருக்கும் என்ற பொருளில், உயிரற்ற ஆங்கிலத்தில் கிடந்தது. அதைப் படித்தவுடன் அது எந்த வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடற்கரையில், என் பையில் மீனை இடும்போது, அவர் அதைச் சொல்ல எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் சொல்லும் விதமாகவே எழுதினேன்: வெடியில் செத்த மீனுக்கு எலும்புதான் முதலில் சாகும்; தோலைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்தவன்.

அவர் யார் என்று அறிந்தே எழுதினேன். இதை மறைத்தால் இக்குறிப்பின் முதற் பந்தி பொய்யாகும். அக்கரையில் கரைவலை வைத்திருப்போர் நால்வர்; அவ்வாக்கியத்தைச் சொல்பவர் ஒருவர். வாக்கியம் அமைந்துவிட்ட திருப்தியில், அது ஒருவரை விரல் நீட்டிக் காட்டுகிறது என்ற எண்ணம் எனக்கு எழவில்லை.

அடியில் வழக்கமான வரியைச் சேர்த்துக் குழுவில் இட்டேன்.

எட்டாம் நாள், பழைய மாணவன் ஒருவன் என் கைப்பேசிக்கு ஒரு கட்டுரை அனுப்பினான். அவன் இப்போது ஐஸ் லொறி ஓட்டுகிறான். "சேர், நல்ல தமிழ். ஒங்களுக்குப் புடிக்கும்" என்று மேலே எழுதியிருந்தான். என் மொழிபெயர்ப்புத்தான். பல தடவை அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் தலையில் இருந்தது. ஆங்கிலக் கட்டுரையாளரின் பெயரும் இணைப்பும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தன. படித்தபின் அழித்துவிடவும், வேறெவருக்கும் அனுப்பவேண்டாம் என்ற வரி மட்டும் ஓரெழுத்தும் குறையாமல் அடியில் அப்படியே இருந்தது.

அப்போது நான் செய்யவேண்டியது ஒன்றே. அரை மைல் தூரம் நடந்து அந்தச் சம்மாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கவேண்டும். நான் கட்டுரையை முழுதும் படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் யாரோ ஒரு காற்புள்ளியை எடுத்திருந்ததைக் கண்டு சினந்தேன். குழுவின் விதி உடைந்தது பற்றி மருந்துக்கடைக்காரரைக் கேட்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டு உறங்கிவிட்டேன்.

மறுநாட் காலையில் பையோடு கடற்கரைக்குப் போனேன். வலை பாதி வந்திருந்தது. மீன் சேரும் மடி இன்னும் கடலுக்குள் இருந்தது; இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தனர். விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் இருவர், கணவனும் மனைவியும், வேடிக்கைக்காக ஒரு கயிற்றின் கடைசியில் கை வைத்திருந்தனர். சம்மாட்டி தண்ணீர் விளிம்பில் நின்று கையசைத்து ஆட்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கரையில் ஏற்றிவைத்த வள்ளம். நான் வள்ளத்தின் மறுபக்கத்தில், அவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியில் நின்றேன்.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மீனவர் குடில்களான வாடிகளின் ஊடாக மணலில் வந்து நின்றன. மூவர் இறங்கினர். மூவரும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. ஒருவன் கையில் முழங்கை நீள இரும்புக் கம்பி இருந்தது. இன்னொருவனிடம் ஒரு பிளாஸ்டிக் கான். மூன்றாமவன் கைப்பேசியை எடுத்தான்.

"நானா, நீங்கதானே சம்மாட்டி?" எங்கள் ஊரில் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே கேட்டான்.

"ஓம். ஆரு?"

"ஒரு விசயம் வாசிக்கிறன். கேட்டுட்டு சரியா பிழையா எண்டு சொல்லுங்க."

அவன் வாசித்தான். வெடியில் செத்த மீனுக்கு எலும்புதான் முதலில் சாகும் என்று தொடங்கி, அந்தப் பந்தி முழுவதையும் உரத்த குரலில் வாசித்தான். தடுமாறாமல் வாசித்தான், நிறுத்தவேண்டிய இடங்களில் நிறுத்தினான். எந்தப் பாடசாலையிலோ யாரோ ஒருவர் அவனுக்கு நன்றாக வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அடிவரியையும் விடவில்லை.

"வேறெவருக்கும் அனுப்பவேண்டாம்" என்று வாசித்துவிட்டுத் தலையை உயர்த்தினான். "ஆருக்கும் அனுப்ப வேணாமாம். எனக்கு ஆறு பேர் அனுப்பிட்டாங்க." மற்ற இருவரும் சிரித்தனர்.

"நான் ஒண்டும் எழுதல்ல" என்றார் சம்மாட்டி. "எனக்கு எழுத வராது."

"அது தெரியும். எழுதினவரு நல்லா எழுதுறாரு. அவரையும் ஒரு நாளைக்குப் பாக்கணும்."

சம்மாட்டி தலையைத் திருப்பினார். அவர் பார்வை என்மேல் நின்றது. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பி வைத்திருந்தவன் முதல் அடியைத் தோளில் போட்டான். சம்மாட்டி முழங்காலில் விழுந்தார். கைப்பேசிக்காரன் அவருடைய வலக்கையை மணிக்கட்டில் பிடித்து, வள்ளத்தின் விளிம்புப் பலகைமேல் இழுத்து வைத்து, தன் முழங்காலால் அழுத்தினான். கம்பி நான்கு முறை இறங்கியது. எண்ணினேன். முதல் இரண்டுக்கும் அவர் கத்தினார். மூன்றாவதற்குக் குரல் வரவில்லை. வள்ளத்தின் மறு விளிம்பில் என் கை இருந்தது. ஒவ்வோர் அடியும் மரத்தின் வழியாக என் உள்ளங்கையில் வந்து இறங்கியது.

கயிற்றில் நின்றவர்கள் கைவிட்டு ஓடினர். வலை பின்னோக்கிச் சரிந்தது. கயிறுகள் மணலைக் கீறிக்கொண்டு கடலுக்குள் போயின. வெள்ளைக்காரப் பெண் மட்டும் இன்னும் கயிற்றைப் பிடித்திருந்தாள். அவளுடைய உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது என்று பின்னர் அவள் கணவனும் விடுதி ஊழியர் ஒருவரும் தனித்தனியே சொன்னார்கள். கானில் இருந்தது பெற்றோல். வாடியில் குவித்திருந்த மாற்று வலைமேல் ஊற்றிக் கொளுத்தினர். வலை எரியவில்லை, உருகியது. கறுத்த திரவமாக ஒழுகி மணலில் இறுகியது. அந்த நாற்றம் மூன்று நாள் என் சட்டையில் இருந்தது.

புறப்படுமுன் கம்பிக்காரன் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, சரிந்துகொண்டிருந்த வலையின் வாய்க்கு நேராக எறிந்தான். கடல் எழுந்து நின்று விழுந்தது. காதில் ஒலி போய்விட்டது. சிறிது நேரம், வாய்கள் அசைவதும் மோட்டார் சைக்கிள்கள் போவதும் மட்டுமே எனக்குத் தெரிந்தன.

ஒலி திரும்பியபோது, ஓடியவர்களில் சிலர் திரும்பிவந்து சம்மாட்டியைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தனர். வேறு சிலர் இடுப்பளவு நீரில் நின்று, மிதந்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுள் ஒருவர், சம்மாட்டியின் கயிற்றை ஆண்டுக்கணக்காக இழுத்தவர், கரைக்கு வந்து என்முன் நின்றார்.

"பைய விரிங்க சேர். கறிக்கு."

விரித்தேன். அவர் இட்டார். அதைத் தருவதற்கு உரியவர் வண்டியில் கிடந்தார் என்பதை அறிந்தே வாங்கினேன். வீட்டில் என் மனைவி அம்மீனை வெட்டும்போது, "என்ன மீன் இது, நடுமுள்ளு கைக்குள்ள நொறுங்குது" என்றாள். தோலில் ஒரு கீறலும் இல்லை. நான் அதை வாங்கிக் கிணற்றடியில் புதைத்தேன்.

நண்பகலில் மருந்துக்கடைக்குப் போனேன். அவருக்குச் செய்தி முன்னமே தெரிந்திருந்தது. வாடிக்கையாளர் இருவர் நின்றனர்.

"ஆருக்கு அனுப்பினீர்?"

"ஒரே ஒரு ஆளுக்கு, சேர். புத்தளத்தில எங்கட மச்சானுக்கு. அவருக்கும் வாசிக்கிற பைத்தியம். நீங்க போட்ட அந்தக் கடைசி வரிய அழிக்காமத்தான் அனுப்பினேன்."

அவரை அறைந்தேன். மாணவனைக்கூட நான் அடித்ததில்லை. அவர் பின்னால் சாய, கண்ணாடிப் பேழை உடைந்து மருந்துப் போத்தல்கள் தரையில் சிதறின. மறுபடியும் அடித்தேன். உதடு கிழிந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் இரத்தம் சொட்டியது. வாடிக்கையாளர் இருவரும் என் தோளைப் பிடித்து இழுத்தனர். அவர் எதிர்க்கவில்லை. தம் கடைப் பஞ்சையே எடுத்து உதட்டில் அழுத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"அடிங்க சேர். அனுப்பினது நான்தான். ஆனா இங்கிலிஸ்ல மீன்புடிக்கிற ஒரு ஆள் எண்டுதானே ஈக்கு. அரைகுறையா வாசிச்ச எனக்கே அது தெரியும். சம்மாட்டி எண்டு எழுதினது நான் இல்ல."

உடைந்த கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்தேன். வலக்கை விரல்கள் இரண்டு நாள் வீங்கியிருந்தன.

அன்று மாலை கட்டுரையாளரான அப்பெண் என்னை அழைத்தார். என் எண்ணை அவருக்குத் தந்தது குழுவில் ஒருவர். மொழிபெயர்ப்பு அவரிடமும் வந்து சேர்ந்திருந்தது.

"இத மொழிபெயர்த்தது நீங்களா சேர்?"

"ஓம்."

"அவர் என்னட்ட ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். காசு கட்டி வாசிக்கிற இடத்தில மட்டும் போடுங்க, எங்கட ஊர்ல அதுக்கு ஒருத்தனும் காசு கட்டமாட்டான் எண்டார். அத நம்பித்தான் கதைச்சார். நானும் அத நம்பித்தான் எழுதினேன்."

மன்னிப்புக் கேட்டேன். "என்னட்டக் கேக்கவேண்டாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கட்டுரையிலிருந்து அப்பந்தியை எடுத்துவிட்டதாகவும், எடுத்ததால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். அந்தக் கட்டணத் தடையை நான் இதுகாறும் வாசகனை வெளியே நிறுத்தும் வேலியாக மட்டுமே கண்டிருந்தேன். அதன் பின்னால் ஒரு மனிதர் ஒளிந்து நின்றிருக்கிறார்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் சம்மாட்டி பதினாறு நாள் இருந்தார். அங்கே நான் இருமுறை போனேன். இருமுறையும் கட்டிலருகில் ஆட்கள் இருந்தமையால் வாய் திறவாமல், தோடம்பழப் பையை வைத்துவிட்டு வந்தேன். மருத்துவர் அவருடைய மனைவியிடம் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன்: தோல் பெரிதாகக் கிழியவில்லை, உள்ளே எலும்புதான் தூளாகிவிட்டது. சம்மாட்டி அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அவர் மறுத்துவிட்டார்.

வீடு திரும்பிய பின் போனேன். வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வலக்கை கட்டோடு மார்பில் தொங்கியது. இடக்கையால் கடலில் எஞ்சிய வலையின் ஒரு துண்டை மடியில் வைத்துக் கிழிசல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை வெளியே எடுத்தேன்.

"ஒங்கள்ட்ட ஒரு விசயம் சொல்லணும், நானா."

"வாசிங்க" என்றார். "அண்டைக்கு அவன் வாசிச்சது பாதிதான் காதில உளுந்திச்சி."

நான் எழுதியதை நானே அவருக்கு வாசித்தேன். அவர் சொன்னதாக அச்சேறிய அனைத்தையும் அவர் அப்போதுதான் முழுமையாகக் கேட்டார். முடித்ததும், இதைத் தமிழில் எழுதியவன் நான் என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. அவன் வாசிக்கக்குள்ள ஒங்கட வாயும் கூடவே அசஞ்சிச்சி. சத்தம் வரல்ல. அசஞ்சிச்சி."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒருவர் அடிபடக் காத்திருக்கையில், நான் என் வாக்கியத்தை முணுமுணுத்திருக்கிறேன். அவர் மனைவியும் அன்று கரையில் நின்று அதைக் கண்டதாக, நான் கேளாமலே, உள்ளிருந்து சொன்னார். இருவரும் கலந்து பேசாதவர்கள் அல்லர்; ஆயினும் இதை உறுதிப்பட்ட செய்தியாகவே எழுதுகிறேன்.

"பின்ன ஏன் என்னக் காட்டிக் குடுக்கல்ல?"

சம்மாட்டி மடியில் கிடந்த வலையைப் பார்த்தார்.

"காட்டத்தான் பாத்தேன், சேர். வாயத் தொறக்கக்குள்ள அடி உளுந்திட்டு."

உள்ளிருந்து மனைவியின் சிரிப்பொலி கேட்டது. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தேன்.

"அந்தப் புள்ள எழுதினதில நான் ஆரோ ஒரு ஆள்" என்றார் பின்னர். "நீங்க எழுதினதில நான் நானேதான். வாசிக்க நல்லாத்தான் ஈக்கு. என்ட பேச்சு அப்படியே ஈக்கு. அதுதான் பிழையாப் போச்சி."

இக்குறிப்பை எழுதப்போவதாகச் சொன்னபோது ஒரு நிபந்தனை விதித்தார்: ஒருவருக்கும் காட்டுமுன் தமக்கு வாசித்துக் காட்டவேண்டும். வாசித்தேன். மூன்று இடங்களில் "அது வேணாம்" என்றார், அவற்றை நீக்கினேன். சம்மாட்டி என்ற சொல்லையும் நீக்கட்டுமா என்று கேட்டேன். "இப்ப எல்லாருக்கும் தெரியும்தானே, கெடக்கட்டும்" என்றார். வலையின் எஞ்சிய பாதியைத் தம் ஆட்களிடம் ஒப்படைத்து, மறு பருவத்தில் மீண்டும் கடலில் இறக்கச் சொல்லியிருக்கிறார். தாம் கரையில் நின்று இடக்கையால் காட்டுவாராம்.

எங்கள் குழுவை நான் கலைத்துவிட்டேன். மகளிடம் சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை, படிக்கிறேன். யாருக்கும் அனுப்புவதில்லை. மருந்துக்கடைப் பேழைக்கு அவரே புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். என் கதிரை அங்கே இன்னும் கிடக்கிறது. நான் போய் இருப்பதில்லை.

அறியாதவை இவை. புத்தளத்திலிருந்த மச்சானுக்கும் தலைக்கவசம் அணிந்த மூவருக்கும் இடையில் அக்கட்டுரை எத்தனை பேரின் கையால் போயிற்று என்பது தெரியாது. மூவரும் யார் என்பது எனக்குத் தெரியாது. மீனவர் என்றே நான் எழுதியிருந்தால் அவர்கள் அவரைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்களா என்பதும் தெரியாது. அக்கை மீண்டும் மூடித் திறக்குமா என்று மருத்துவர் சொல்லவில்லை. என்னைக் காட்டத்தான் பார்த்தேன் என்று சம்மாட்டி சொன்னது விளையாட்டா உண்மையா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.